பெட்டிக்குள் மின்பலகைகளைப் பொருத்துதல்

1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவிலிருந்து எண்களைப் படித்துத் தானே உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். வெற்றிடக் குழல்கள் நிறைந்த பெரிய அலமாரிகளே அதன் கட்டுப்பாட்டுக் கருவி. இன்றோ அவ்வேலையை உள்ளங்கையளவுள்ள ஆர்டுயினோ பலகை செய்துவிடுகிறது. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத்ராய் மார்க்கெட்டில் ஒரு பிற்பகல் அலைந்தால் அப்பலகை, ஸ்டெப்பர் மோட்டார்கள், அவற்றை ஓட்டும் டிரைவர்கள், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி யாவும் கிடைக்கும்.

நம் சங்க நண்பர்கள் சிலர் இவற்றை வாங்கிவந்து சி.என்.சி. இயந்திரம் செய்ய முனைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்கள் என்னிடம் கேட்பனவெல்லாம் மென்பொருளைப் பற்றியே. பலகைகளைப் பெட்டிக்குள் எப்படிப் பொருத்துவது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒட்டுப்பலகைத் துண்டொன்றில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்கின்றனர். 230 வோல்ட் நுழையும் பெட்டியில் இது விளையாட்டன்று.

பெட்டி இரும்புத் தகட்டால் ஆனதாக இருப்பதே நன்று. மரம் தீப்பற்றும், மரமோ பிளாஸ்டிக்கோ மின் இரைச்சலைத் தடுக்கா. ஆனால் இரும்பு மின்சாரத்தைக் கடத்துமே என்பீர்கள். ஆம், எது தகட்டைத் தொடவேண்டும், எது தொடலாகாது என்பதே இங்கு முழு விஷயமும்.

தொடவேண்டியது எர்த் கம்பி. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அவ்விடத்தில் அதைச் சுரண்டியெடுத்து, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கவேண்டும். கதவுக்குத் தனிக் கம்பி வேண்டும், கீலை நம்பலாகாது. விடுதிகளில் சிலர் செருகியின் பருத்த எர்த் முள்ளை ஒடித்துவிட்டு, இரண்டு முள்ளோடு காலந்தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். மின்வழங்கியின் உள்ளே, இரைச்சலை வடிகட்டுவதற்காக, மின் கம்பிகளுக்கும் அதன் உலோகக் கூட்டுக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் உள்ளன. எர்த் இல்லாவிடில் இவற்றின் வழியே பெட்டியின் உடல் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிதாதலால் கையில் சுருக்கென்று கடிப்பதோடு நிற்கும். பழுதே இல்லாத பெட்டியின் நிலை இது. உள்ளே ஒரு கம்பி கழன்று தகட்டில் விழுமானால், அடுத்துத் தொடுகிறவர் கையில் 230 வோல்ட் முழுதும் காத்திருக்கும். தொடுகிறவர் பெரும்பாலும் செய்தவராக இருக்கமாட்டார். வேடிக்கை பார்க்க வந்த முதலாண்டு மாணவராக இருப்பார்.

தொடலாகாதவை பலகைகளின் அடிப்புறங்கள். அங்கே ஈயம் வைத்த கால்கள் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். 10 மில்லிமீட்டர் உயரமுள்ள நைலான் அல்லது பித்தளை ஸ்பேசர்களின் மேல் பலகையை நிறுத்துங்கள். ஆர்டுயினோ ஊனோவின் நான்கு துளைகளும் ஒழுங்கான செவ்வகத்தில் அமைந்தவை அல்ல. (ஏன் அப்படிச் செய்தார்களோ!) ஆகவே அளவுகோலை நாடாமல், பலகையையே காகிதத்தில் வைத்துத் துளைகளைப் பென்சிலால் குறித்து, அக்காகிதத்தைத் தகட்டில் ஒட்டித் துளையிடுக. துளை சற்று விலகினால் பலகையை வளைத்துப் பொருத்தாமல் தகட்டுத் துளையை அரத்தால் அகலப்படுத்துக. வளைந்த பலகையில் ஈயப் பற்றுகள் விரிசல் காணும். ஒரு துளை ஊசித் துவாரங்களின் வரிசையை ஒட்டியே இருக்கிறது. அங்கு நைலான் திருகே தக்கது.

மின்வழங்கியைப் பொருத்துகையில் திருகின் நீளம் மிக முக்கியம். நீண்ட திருகு கூட்டைத் தாண்டி உள்ளே சென்று, உயர் மின்னழுத்தமுள்ள பலகையைத் தொட்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. திருகு எவ்வளவு நுழையலாம் என்பது தயாரிப்பாளர் தரும் அளவுப்படத்தில் இருக்கும்.

டிரைவர்களின் வெப்பத் தகடுகள் மேல்கீழாக நிற்கட்டும். சூடான காற்று தானே மேலேறும். இடையில் இரண்டு விரல் இடம் விடுக. விசிறி வைப்பின் காற்று நுழையும் வாயில் வடிகட்டி வேண்டும்; அலுமினியத் தூள் பலகையில் படிந்தால் அதுவும் ஒரு கம்பியே.

தூத்துக்குடிக் கடற்காற்றில் வளர்ந்த எனக்கு, தில்லிக்கு வரும்வரை நிலைமின்சாரம் பாடப்புத்தகச் செய்தியாகவே இருந்தது. இங்கே ஸ்வெட்டரைக் கழற்றினாலே பொறி பறக்கிறது. பலகையை எடுக்குமுன் எர்த் செய்த உலோகத்தைத் தொடுங்கள்.

செருகியைச் சுவரில் செருகுமுன் மல்டிமீட்டரால் மூன்று சோதனைகள் செய்க. எர்த் முள்ளுக்கும் பெட்டிக்கும் இடையே ஓர் ஓமுக்குக் குறைவாகக் காட்டவேண்டும். மற்ற இரு முட்களுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. பலகையின் 5 வோல்ட் முனைக்கும் பெட்டிக்கும் அவ்வாறே. மல்டிமீட்டர் இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம், திருப்பித் தரவேண்டும்.