ஏரிக்கரையே வகுப்பறை: பழவேற்காடு கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு பாடத்திட்டம்

கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று எந்த வகுப்பில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும்: வண்டலூர், மாமல்லபுரம், ஊட்டி, கன்னியாகுமரி, திருப்பதி. நான் பணியாற்றும் சுண்ணாம்புக்குளம் பகுதிப் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். அதே வேளையில் சென்னையிலிருந்து பேருந்து பேருந்தாகப் பள்ளிப் பிள்ளைகள் நம் ஏரிக்குப் பூநாரை பார்க்க வருகிறார்கள். அடுத்தவர் தேடி வந்து பார்க்கும் இடத்தில் குடியிருக்கும் பிள்ளைக்கு, அந்த இடத்தைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால் பேனா நகர்வதில்லை. தெரியாததால் அல்ல, தனக்குத் தெரிந்தது பாடம்தான் என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொன்னதில்லை.

இந்தக் கட்டுரையின் நோக்கம் ஒன்றே. சுற்றுலாவைச் சொந்த ஊரிலிருந்து தொடங்குவோம். பார்வையாளராக மட்டுமன்றி, விளக்கிச் சொல்பவராகவும் பிள்ளையை அழைத்துச் செல்வோம். 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு மூன்று படிகளாக நாங்கள் செய்துவருவதை இங்கே தருகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முதல் படியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: கரையில் அரைநாள்

இதற்குப் பேருந்து வேண்டாம், நடந்தே செல்லலாம். பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கில் ஆரணியாறும் வடமேற்கில் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. இவ்வளவையும் வரைபடத்தில் காட்டிவிட்டுக் கரைக்குப் போனால் போதும். மற்றவற்றைக் கரையே கற்றுத்தரும்.

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள். சுண்ணாம்பு, குளம் என்று பிரித்துவிட்டு, "ஏன் இந்தப் பெயர்?" என்று கேளுங்கள். காலடியிலேயே கிளிஞ்சல் கிடக்கும். ஏரிப்படுகையில் புதைந்த கிளிஞ்சலைத் தோண்டிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்த வட்டாரத்தின் பழைய தொழில். வேதியியலில் சிதைவு வினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. நத்தையின் ஓடு சுவராக மாறும் இந்தச் சுற்றைப் பிள்ளைகள் படமாக வரையட்டும். சுண்ணாம்பை நீற்றும் செயலை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் ஆபத்து.

அடுத்தது உப்புத்தன்மை. மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என ஒரே இடத்தில் ஒரு லிட்டர் நீர் எடுத்து, தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, எஞ்சும் உப்பை எடை போடச் சொல்லுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். ஏரி நீரில் மழைக்காலத்தில் அதைவிடக் குறைவாகவும், கோடையில் சில இடங்களில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே தானாக எழும். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வாசல் அடைபட்டால் குஞ்சு வராது, இறால் குறையும், வீட்டு வருமானமும் குறையும். சூழலியல் பாடத்தை இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் தினமும் பேசப்படுவதற்கு நாம் பாடப்பெயரைச் சூட்டினால் போதும்.

பூநாரைகள் மழைக்காலத்தை ஒட்டி வந்து மார்ச் வரை தங்கும். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டி உண்பதைத் தூரத்தில் நின்று கவனிக்கச் செய்யுங்கள். குஞ்சுப் பருவத்தில் சாம்பல் நிறமாக இருக்கும் பறவைக்கு இளஞ்சிவப்பு நிறம் வருவது உணவிலுள்ள கரோட்டின் வகை நிறமிகளால். கூட்டத்தைப் பறக்க வைத்துப் படம் எடுக்கும் பழக்கம் பார்வையாளர்களிடம் உண்டு. நம் பிள்ளைகள் அதைச் செய்யக் கூடாது என்பதோடு, செய்பவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லவும் பழக வேண்டும்.

இரண்டாம் படி: பழவேற்காட்டில் ஒரு நாள்

காலையில் புறப்பட்டுப் பொன்னேரி வழியே சென்று மாலைக்குள் திரும்பிவிடலாம். பழவேற்காடு ஊருக்குள் சில கிலோமீட்டர் சுற்றளவிலேயே கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கோட்டை இருந்த இடம், கல்லறைத் தோட்டம் எல்லாம் இருக்கின்றன. சமய நல்லிணக்கம் பற்றிய பாடத்தை நடந்தே நடத்தலாம்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்புரைக்கல்லைப் பாருங்கள். கருங்கல் மலை இல்லாத கடற்கரையில் எந்தக் கல் கிடைத்தது, அது எப்படி அரிக்கிறது என்பது புவியியல். சின்னஞ்சிறு இராமாயணச் சிற்பங்களில் எந்தக் காட்சி என்று கண்டுபிடிப்பது மொழிப்பாடம். சமயீஸ்வரர் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மகிமை மாதா தேவாலயம் 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டது. போர்த்துகீசியர் காலத் திருத்தலம். திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். எங்கள் வகுப்பிலேயே அப்படிப் போய்வந்த குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பேசவிடுங்கள்.

பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரம் கணக்கு ஆசிரியருக்கு விருந்து. இந்தியத் திட்ட நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பழவேற்காடு ஏறத்தாழ 80.3 டிகிரியில் இருக்கிறது. வேறுபாடு 2.2 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் ஏறத்தாழ 9 நிமிடம். நிழல் காட்டும் உள்ளூர் நேரமும் கைக்கடிகாரமும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பருவத்துக்கேற்ப இந்த இடைவெளி கூடிக் குறையும் என்பதை உயர்வகுப்புக்கு மட்டும் சொன்னால் போதும். உள்ளே செல்ல முன்கூட்டியே பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

வழிபாட்டிடங்களில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: வழிபடுவது அவரவர் வீட்டு விருப்பம், கவனித்துக் குறிப்பெடுப்பது எல்லோருக்கும் பொது. இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுவதால் யாருக்கும் சங்கடம் வருவதில்லை.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் அதிக நேரம் ஒதுக்குங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களின் வணிகத்துக்கு இதுவே தலைநகர். துணி ஏற்றுமதி நடந்தது. வெடிமருந்து ஆலை இருந்தது. துட்டு, கக்கூஸ் போன்ற சொற்கள் அவர்கள் மொழி வழியே தமிழுக்கு வந்தவை என்றதும் வகுப்பு சிரிக்கும்.

சிரிப்பு அடங்கியதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே துறையிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் கப்பலில் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பஞ்சக் காலங்களில் இது பெருகியது. அழகாகச் செதுக்கிய இந்தக் கற்களில் வணிகர்களின் பெயரும் அதிகாரிகளின் பெயரும் இருக்கின்றன. "இங்கே யாருடைய பெயர் இல்லை?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் அமைதியாக எழுதச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது: "கல் இருக்கிறவங்களைப் பத்தி நாம படிக்கிறோம். கல் இல்லாதவங்களைப் பத்தி யார் கேக்கறது?" வரலாற்றுப் பாடத்தில் நான் கொடுக்க நினைத்த கேள்வியை அவளே கொடுத்துவிட்டாள்.

பாடு முறை: குடிமையியலுக்கு ஒரு பாடம்

பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' முறையைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல மீன்பிடி இடங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போதாது. எனவே சீட்டுக் குலுக்கி, யார் எந்த முறையில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்கிறார்கள். முறை சுழன்று வருவதால் நல்ல இடம் எல்லோர் கைக்கும் வந்து போகிறது.

வகுப்பில் இதை விளையாட்டாக நடத்தலாம். 12 பேர், 4 இடங்கள், 3 நாள். ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் மீன் அட்டைகளை வையுங்கள். முதல் சுற்றில் ஓடிப் பிடித்தவருக்கு இடம். இரண்டாம் சுற்றில் சீட்டு முறை. இரண்டிலும் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று பட்டை வரைபடம் போடட்டும். நிகழ்தகவும் பொதுவள மேலாண்மையும் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். இறால் காலத்தில் வாரக்கணக்கில் பள்ளிக்கு வரமாட்டான். வந்தாலும் கடைசி வரிசைதான். இந்த விளையாட்டில் விதிகளை விளக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். வாடைக் காற்றில் ஏன் இந்த இடம், கச்சான் வீசும்போது ஏன் அந்த இடம் என்று பலகையில் படம் போட்டுச் சொன்னான். அவன் வருகை அதனால் முழுமையாகிவிடவில்லை. வீட்டின் தேவை அப்படி. ஆனால் விடுப்புக்குப் பிறகு வகுப்புக்குள் நுழையக் கூசுவது நின்றது.

ஓர் எச்சரிக்கை. பாட்டில் பங்கு எல்லோருக்கும் இல்லை. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டு கிடையாது. நம் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே சாதிப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். விளையாட்டிலேயே இரண்டு பேருக்குச் சீட்டு தராமல் வைத்து, அந்த இருவரையும் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள். "சீட்டு இல்லாதபோது எப்படி இருந்தது? விதியை எப்படி மாற்றலாம்?" என்ற கேள்விகள் போதும்.

மூன்றாம் படி: ஏரியைச் சுற்றியுள்ள தலங்கள்

9, 10ஆம் வகுப்புகளுக்கு ஏற்றது. சிறுவாபுரி முருகன் கோயில் அருணகிரிநாதரால் பாடப்பெற்ற தலம். சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை வருவோர் ஏராளம். ஒரு சிற்றூருக்கு வாரத்தில் ஒருநாள் பெருங்கூட்டம் வந்தால் கடை, குடிநீர், குப்பை, போக்குவரத்து என்ன ஆகும் என்று பிள்ளைகள் கடைக்காரர்களிடம் பேட்டி எடுக்கலாம். இதற்குச் செவ்வாயைத் தவிர்த்து வேறு நாளில் செல்வது நல்லது.

எல்லை தாண்டினால் சூளூர்ப்பேட்டையில் காளங்கிக் கரையில் செங்காளம்மன் கோயில். ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் இங்கே வந்து வழிபடுவது செய்திகளில் வரும். அறிவியலும் நம்பிக்கையும் பற்றிய விவாதத்துக்கு நல்ல தொடக்கம். தீர்ப்பு சொல்லாமல் இருபக்கமும் கேளுங்கள். மாநில எல்லை கடப்பதால் துறை அனுமதியை முன்பே பெற வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971இல் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்துதான். ஏவும் நாளில் நாங்கள் எங்கும் போவதில்லை. பள்ளித் திடலில் நின்று, நெருப்பு தெரிந்த நொடிக்கும் ஓசை கேட்ட நொடிக்கும் இடையே எண்ணுகிறோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 20 கிலோமீட்டர் தொலைவென்றால் 59 நொடி ஆகும். எண்ணியதை வைத்துத் தொலைவைக் கணக்கிட்டு, வரைபடத்தில் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்க முடியாதவை

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, உல்லாசமாகச் சென்ற 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் கல்விச் சுற்றுலா சென்ற 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் படகு விபத்தில் இறந்தனர். இந்த இரண்டு நாள்களையும் ஒவ்வோர் ஆசிரியரும் நினைவில் வைக்க வேண்டும்.

• படகு வேண்டவே வேண்டாம். தெரிந்தவர் படகு, சிறிது தூரம்தான் என்ற பேச்சுக்கும் இடமில்லை.
• முகத்துவாரத்தில் காலை நனைப்பதும் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கைதான் இங்கே பெரிய ஆபத்து. ஏரியில் நீந்திப் பழகியது முகத்துவார இழுப்புக்கு உதவாது.
• 10 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். பெற்றோரில் மீனவர் ஒருவர் கட்டாயம் உடன் வரவேண்டும்.
• இருவர் இருவராக இணை. இறங்கும்போதும் ஏறும்போதும் இணை எண்ணிக்கை.
• எழுத்துபூர்வ ஒப்புதல், முதலுதவிப் பெட்டி, குடிநீர், தொப்பி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்.

திரும்பிய பின்

கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். மாறாக, வகுப்பே சேர்ந்து 8 பக்க வழிகாட்டிக் கையேடு தயாரிக்கட்டும்: ஒரு வரைபடம், ஐந்து இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி, வட்டாரச் சொல் பட்டியல் ஒன்று. மடவை, கொடுவா, பறி, பாடு, காளவாய் போன்ற சொற்களுக்குப் பிள்ளைகளே பொருள் எழுதட்டும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் அதற்கிணையான தெலுங்குச் சொல்லைத் தமிழ் எழுத்தில் சேர்க்கட்டும். பிறகு வேறோர் ஒன்றியப் பள்ளியை அழைத்து, நம் பிள்ளைகளை வழிகாட்டிகளாக நிறுத்துங்கள்.

மதிப்பீட்டுக்கு மூன்று கேள்விகள் போதும். பார்த்த ஒன்றைக் காரணத்தோடு விளக்க முடிகிறதா? பெரியவர் ஒருவரிடம் கேட்டு அறிந்ததைச் சரியாகப் பதிவு செய்திருக்கிறதா? விடை தெரியாத ஒரு கேள்வியோடு திரும்பியிருக்கிறதா?

உங்கள் ஊரில் ஏரி இல்லாமல் இருக்கலாம். மலையடிவாரம், வாரச்சந்தை, ஆற்றுப்படுகை, திருவிழா நடக்கும் கோயில் என ஏதாவது ஒன்று இருக்கும். ஊர்ப் பெயர் எப்படி வந்தது, இங்கே யாருக்கு எது தெரியும், யாருடைய பெயர் பதிவாகவில்லை என்ற மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நாளையே தொடங்கலாம். ஊட்டிக்கும் கன்னியாகுமரிக்கும் பிறகு போகலாம். எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்று சொந்த ஊரில் பழகிய பிள்ளை அங்கே இன்னும் அதிகமாகப் பார்க்கும்.