எத்தனாலுக்கு வழக்கில்லை, தண்ணீருக்கு உண்டு

கேள்வி: மூக்கையூரில் மீன் எடுத்து, கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் பைக்கில் கொண்டுபோய் விற்கிறேன். வண்டி 2017-இல் வாங்கியது. லிட்டருக்கு 55 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 48-ஐத் தாண்டுவதில்லை. போன மழையில் பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே நின்றுவிட்டது. மெக்கானிக் டேங்கைக் கழற்றித் தண்ணீரை வடித்தார். பங்க்கில் கேட்டால், “எல்லாம் எத்தனால்தாண்ணே, கவர்மெண்டே கலக்குது” என்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு வேறொன்றைக் கலந்து பெட்ரோல் விலைக்கு விற்பது கலப்படம் இல்லையா சார்? வழக்குப் போடலாமா?
– வாசகர், கடலாடி

பதில்: வாசகரின் கடிதத்தில் இரண்டு புகார்கள் பின்னிக் கிடக்கின்றன. மைலேஜ் குறைந்தது ஒன்று, டேங்கில் தண்ணீர் வந்தது இன்னொன்று. முதலாவதில் தோற்பது ஏறக்குறைய நிச்சயம். இரண்டாவதில் வெல்ல வழியுண்டு. பங்க்காரர் இரண்டையும் ஒரே பதிலால் மூடிவிட்டார். புகார் மனுவும் அப்படியே எழுதப்பட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

எது கலப்படம் என்பதை, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த பெட்ரோல், டீசல் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அனுமதியில்லாத பொருளைச் சேர்த்து, பெட்ரோலை அதற்குரிய தர அளவிலிருந்து இறக்குவதுதான் கலப்படம். எத்தனால் அரசே அனுமதித்த பொருள். 20 சதவீதக் கலவைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக்குறியீடும் இருக்கிறது. ஆகவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் ‘குறைபாடு’ என்ற வரையறைக்குள்ளும் அது விழாது.

இந்தக் கேள்வி டெல்லி வரை போய்த் திரும்பிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பங்க்கில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை, உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் அமர்வு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. முதல் கோரிக்கை அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் ஒரு பலகை வைக்கச் சொல்வதில் யாருக்கு என்ன நட்டம்? அந்தக் கோரிக்கையும் சேர்ந்தே போனது நுகர்வோருக்கு இழப்புதான்.

‘எத்தனாலுக்குக் காசு குறைவாயிற்றே’ என்ற வாதமும் நிற்காது. எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலை வாங்கும் சராசரி விலை, போக்குவரத்தும் வரியும் உட்பட லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே கணக்குக் கொடுத்தது.

மைலேஜ் கணக்கையும் பார்த்துவிடலாம், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்ப ஆற்றல் குறைவு. அப்படியானால் 20 சதவீதக் கலவையில் ஆறு, ஏழு சதவீத இழப்பு வரும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்றது. வாசகரின் வண்டி 55-இலிருந்து 48-க்கு இறங்கியிருக்கிறது, கிட்டத்தட்ட 13 சதவீதம். நாட்டில் 2022-லேயே 10 சதவீத எத்தனால் வந்துவிட்டது என்பதால், அதற்குப் பிறகான சரிவில் எத்தனாலின் பங்கு இன்னும் சிறியது. மிச்சம் எங்கே போனது? 2017 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர்தான். எரிபொருள் மாறினால் அதுவாகச் சரிசெய்துகொள்ளாது. ஏர் பில்டர், டயர் காற்று, பின்னால் கட்டிய மீன் பெட்டியின் எடை என்று எதிர்த்தரப்பு வரிசையாகக் கேட்கும். பதில் சொல்வது கடினம்.

மைலேஜுக்காக யாரும் ஜெயித்ததே இல்லையா? உண்டு. லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்த போர்டு டீசல் காருக்காக, 2022-இல் கேரளத்தின் திருச்சூர் நுகர்வோர் ஆணையம் 3.10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. நிபுணர் ஆணையர் ஓட்டிப் பார்த்ததில் கிடைத்தது 19.6. அங்கே எழுத்தில் ஒரு வாக்குறுதியும், நடுநிலையான ஒரு சோதனையும் இருந்தன. இங்கே இரண்டும் இல்லை.

தண்ணீர் வேறு கதை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் கசிந்தால், அது ஓரளவு வரை பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறியதும் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். அதைத்தான் வாசகரின் மெக்கானிக் வடித்திருக்க வேண்டும். அரசு கலக்கச் சொன்னது எத்தனாலை. தொட்டிக்குள் தண்ணீர் புகாமல் பார்ப்பது விற்பவரின் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைத் தினமும் சோதிக்காத பங்க் எத்தனாலைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இதற்குச் சாட்சியம் வேண்டும். மெக்கானிக் வடித்துப் பாட்டிலில் வைத்திருப்பது தனியாக நிற்காது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முடிந்தது. 2005 ஆணைப்படி அதிகாரம் பெற்ற அதிகாரியோ, எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரியோ அலுமினியக் கலனில் எடுத்து முத்திரையிட்ட மாதிரிக்குத்தான் மதிப்பு. அதனால் வண்டி நின்ற அன்றே பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிய வேண்டும், கடலாடி வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும். அதே பங்க்கில் அன்று வேறு வண்டிகளும் நின்றிருந்தால் அவர்களின் பில்களும் சேர்ந்தால் வழக்கு கனக்கும். போன மழைக்கு இதெல்லாம் தவறிப்போயிருந்தாலும், பெட்ரோல் பில், மெக்கானிக்கின் கையெழுத்திட்ட குறிப்பு, போனில் எடுத்த படம் ஆகியவற்றைக் கொண்டு முயலலாம்.

சந்தேகம் வரும்போது பங்க்கிலேயே கேட்டுப் பார்க்கும் உரிமையும் உண்டு. அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். 15 டிகிரிக்கு மாற்றிய அளவு, பதிவேட்டில் உள்ளதிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. 5 லிட்டர் குவளையில் அளக்கச் சொன்னால் 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. பில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதால் எத்தனாலோ தண்ணீரோ தெரியாது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

வழக்கு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். பெட்ரோல் தூத்துக்குடியில் போட்டிருந்தாலும், வசிக்கும் மாவட்டத்திலேயே தொடர 2019 சட்டம் இடம் தருகிறது. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ‘வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி, இவர் நுகர்வோரே அல்ல’ என்று பங்க் தரப்பு கட்டாயம் சொல்லும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. தானே ஓட்டி, தானே மீன் விற்பவர் அதில் தெளிவாக அடங்குவார். மனுவில் பழுதுச் செலவு, வீணான மீன், அன்றைய வருமானம் மூன்றையும் கேட்கலாம். அந்த ஏழு கிலோமீட்டரை மட்டும் சேர்க்க வேண்டாம்.