249 கிராம் மயக்கம்

நம்பிக்கை: ட்ரோன் 250 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்த நாட்டிலும் அனுமதி வேண்டாம்.

கடைக்காரரும் இதைச் சொல்லித்தான் விற்கிறார். 2021 ட்ரோன் விதிகளின்படி இந்தியாவில் 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனை இயக்க உரிமம் தேவையில்லை. அந்த எண் நம் மனதில் உலகச் சட்டமாகவே பதிந்துவிட்டது. அமெரிக்காவில் ஓரளவு செல்லுபடியாகும்: பொழுதுபோக்குக்கு என்றால் பதிவு வேண்டாம். ஆனால் இணையத்தில் இலவசமாக நடக்கும் பாதுகாப்புத் தேர்வு ஒன்றை எழுதியிருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களிலோ 2014 முதல் தடை; எடையெல்லாம் அங்கே பேச்சே இல்லை.

ஜப்பான் கதைதான் வேடிக்கை. ஒரு காலத்தில் அங்கே எல்லை 200 கிராம். அதற்காகவே டிஜேஐ நிறுவனம் 2019இல் தன் மேவிக் மினியில் சின்ன பேட்டரியைப் பொருத்தி, 199 கிராமில் ஜப்பானுக்கென்று தனியாகச் செய்து விற்றது. 2022 ஜூனில் அரசு எல்லையை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது. அத்தனை மெனக்கெட்டும் பயனில்லை! இன்று உங்கள் 249 கிராம் ட்ரோனுக்கு அங்கே பதிவு எண் வேண்டும்; பறக்கும்போது தன் அடையாளத்தை ஒலிபரப்பும் ரிமோட் ஐடி வேண்டும்; ஜனநெருக்கடியான பகுதி என்றால் தனி அனுமதியும் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் எடையோடு கேமராவையும் பார்க்கிறது. பொம்மை அல்லாத ட்ரோனில் கேமரா இருந்தால், எவ்வளவு லேசாக இருந்தாலும் அதை இயக்குபவர் பதிந்துகொள்ள வேண்டும். முதலில் எந்த நாட்டில் பறக்கவிடப் போகிறீர்களோ அங்கே பதிந்தால் போதும், ஒன்றியம் முழுக்கச் செல்லும். எண்ணை ட்ரோன் மேல் ஒட்டிவிட வேண்டும். எண் கிடைத்த உற்சாகத்தில் ஈஃபிள் கோபுரத்தடியில் பையைத் திறந்துவிடாதீர்கள். பாரிஸ் வானம் சுற்றுலாப் பயணிகளின் ட்ரோனுக்கு மூடியே இருக்கிறது.

நம்பிக்கை: பறக்கக்கூடாத இடமென்றால் செயலியே கிளம்ப விடாது.

முன்பு ஓரளவு உண்மை. டிஜேஐ அந்தப் பூட்டை 2024இல் ஐரோப்பாவிலும் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் எடுத்துவிட்டது. இப்போது வருவது எச்சரிக்கை மட்டும். விரலால் தள்ளிவிட்டுக் கிளம்பலாம். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது செயலி அல்ல, நீங்கள். 2019இல் மியான்மரின் நேப்பிடோவில் நாடாளுமன்றத்துக்கு அருகே ட்ரோன் விட்ட பிரெஞ்சுப் பயணி ஒருவர் கைதானார்.

நம்பிக்கை: பறக்கவிடாமல் பெட்டியில் வைத்திருந்தால் யார் கேட்பார்கள்?

மொராக்கோவில் கேட்பார்கள். முன் அனுமதி இல்லாத ட்ரோன் விமான நிலையச் சுங்கத்தைத் தாண்டாது. எகிப்திலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதியின்றி ட்ரோனைக் கொண்டுவருவதே குற்றம். (பெட்டி என்றதும் ஒன்று: உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல.)

நம்பிக்கை: வெளிநாட்டில் மலிவாக வாங்கி வந்துவிடலாம்.

முழு ட்ரோன்களையும், பிரித்த நிலையில் வருபவற்றையும் இறக்குமதி செய்ய இந்தியா 2022 பிப்ரவரியில் தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புப் பணிகளுக்கு மட்டுமே விலக்கு. சிங்கப்பூரில் பேரம் பேசி வாங்கியது மீனம்பாக்கத்தில் பறிபோகலாம். இங்கிருந்து கொண்டுபோன சொந்த ட்ரோனுக்கும் புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி, வரிசை எண் போட்ட ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது. திரும்பி இறங்கிய பிறகு, “இது என் பழைய ட்ரோன்தான் சார்” என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.