குட்டியானை ஒன்று, கணக்கு மூன்று

திருவள்ளூர், திருநின்றவூர்ப் பக்கமிருந்து ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி குடியிருப்புகளுக்கு வாராவாரம் காய்கறி கொண்டுபோகும் நம் இயற்கை உழவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிலத்தைவிட வண்டிதான் காசைத் தின்கிறது என்பார்கள். அந்த டீசல் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியுமா?

"விவசாயத்துக்குத்தான் வரியே இல்லையே, கணக்கு எதுக்கு?" என்கிறார்கள் சிலர். இன்னும் சிலர் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று போட்டுவிடலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி உண்டு. 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். நம்மூரில் சொந்தத் தொழில் செய்பவருக்கு அப்படி ஒரு விகிதம் கிடையாது. உண்மையில் செலவானதில் தொழிலுக்குரிய பங்கை மட்டுமே கழிக்கலாம்.

எது தொழில் என்பதில்தான் சிக்கல். உங்கள் நிலத்தில் விளைந்த கத்திரியை நீங்களே கொண்டுபோய் விற்றால் அது விவசாய வருமானம், வரி இல்லை. வரி இல்லாத வருமானத்துக்கான செலவை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. ஆனால் அதே வண்டியில் பக்கத்து ஊர் நண்பரிடம் வாங்கிய மாப்பிள்ளைச் சம்பாவையும் நாட்டுச் சர்க்கரையையும் ஏற்றி விற்கிறீர்களே, அது வியாபாரம். சொந்தக் கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால், கடலையின் சந்தை விலை வரைக்கும்தான் விவசாயம். அதற்கு மேல் வரும் லாபம் வியாபாரக் கணக்கு.

ஆக ஒரே குட்டியானை மூன்று வேலை செய்கிறது: விவசாயம், வியாபாரம், வீட்டு வேலை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டம். சொந்த விளைச்சலுக்கு 6,000, வாங்கி விற்றதற்கு 4,000, கல்யாணம் காட்சி என்று 2,000. டீசல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 1,08,000 ரூபாய். வண்டியின் கணக்கு மதிப்பு 4 லட்சம் என்றால் 15 சதவீதத் தேய்மானம் 60,000. (வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் தேய்மானம் பாதிதான்.) மொத்தம் 1,68,000. இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 56,000 ரூபாய், வியாபாரத்தில் கழியும். விவசாயத்துக்குரிய 84,000 வீண் இல்லை. உங்கள் மற்ற வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டி, நிகர விவசாய வருமானமும் 5,000-க்கு மேல் போனால், வரி விகிதம் கணக்கிட அதையும் கூட்டிப் பார்ப்பார்கள். அந்த நிகரத்தைக் குறைக்க இந்தச் செலவு உதவும். வீட்டு ஓட்டத்துக்கான 28,000 நம் பாக்கெட்டிலிருந்துதான்.

ஒரே ட்ரிப்பில் இரண்டு சரக்கும் போனால்? எடை வைத்தோ விற்பனைத் தொகை வைத்தோ பிரிக்கலாம். எந்த முறையானாலும் வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சின்ன வியாபாரிகளுக்கு உத்தேச வருமானத் திட்டம் இருப்பது பலருக்குத் தெரியும்: விற்பனையில் 8 சதவீதம், யூபிஐ, வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். நிம்மதியான வழிதான். ஆனால் அதில் எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாக அர்த்தம். டீசலைத் தனியாகக் கழிக்க முடியாது. இதில் சேர்ந்துவிட்டு ஐந்து வருடத்துக்குள் வெளியே வந்தால், அடுத்த ஐந்து வருடம் திரும்ப நுழையவும் முடியாது. இன்னொன்றும் நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. இந்தத் திட்டத்துக்கான எளிய ஐடிஆர்-4 படிவம், விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டியவருக்குப் பொருந்தாது. அவர்கள் ஐடிஆர்-3 போட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் விவசாய வருமானத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைத் தள்ளிவிடுவார்கள். பெரிய ரிப்பேர் பில்லை வங்கி வழியாகக் கட்டுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுவையுங்கள். தேதி, புறப்பட்ட மீட்டர், திரும்பிய மீட்டர், எங்கே, என்ன சரக்கு, அவ்வளவுதான். ஏப்ரல் 1 காலையிலும் மார்ச் 31 இரவிலும் மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்தால், நோட்டில் உள்ளதை யாரும் எளிதில் சந்தேகப்பட முடியாது.