சிமெண்ட் பூசினால் ஓதம் நிற்குமா?

தென் கல்கத்தாவின் பாலிகஞ்சிலும் ஹிந்துஸ்தான் பார்க்கிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டப்பட்ட வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. சிவப்புத் தரை, கொர்கொரி எனப்படும் பச்சைப் பலகையடுக்கு ஜன்னல், தெருவைப் பார்த்த திண்ணை ஆகியவை இவற்றின் அடையாளம். இத்தகைய வீடுகளைக் காக்க எழுத்தாளர் அமித் சவுத்ரி 2015இல் ஓர் இயக்கமே தொடங்கினார். இடிப்பவர்களிடமிருந்து தப்பிய வீடுகளைச் சில்லறை மராமத்தே கெடுத்துவிடுவதும் உண்டு.

சுவர் ஓதம் காத்தால் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூச வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. பழைய சுவர்களில் பல சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் தூளும், கலந்த சாந்தில் எழுந்தவை. தரையிலிருந்து செங்கல் வழியே ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் பூச்சின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறுகிறது; அதில் கரைந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தை உடைக்கிறது. அப்படிப்பட்ட சுவரைத் தடவினால் விரலில் சிவப்பு மாவு ஒட்டும். இணைப்புகளிலும் சிமெண்ட் அடைத்திருந்தால், செங்கல் உள்வாங்கியிருக்க, அவை மட்டும் வரம்பு போலத் துருத்தி நிற்கும். புதிய பூச்சு ஒரு மழைக்காலம் ஏமாற்றும், அவ்வளவுதான். ஆண்டுக்கு 1,600 மி.மீட்டருக்கு மேல் மழை பெறும் ஊரில் முதலில் தேட வேண்டியது கரணையை அல்ல, உடைந்த மழைநீர்க் குழாயையும் சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்ணையும்தான். அவற்றைச் சரிசெய்து, சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து பூசி, சில நாள் ஈரப்படுத்தி வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாகத்தான் இறுகும். அவசரக்காரக் கொத்தனாருக்கு இந்த வேலை ஒத்துவராது.

கார்னிஸில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிவிட்டால் போதும் என்பதும் தவறு. வேர் சுவருக்குள் தடித்திருந்தால் செங்கலும் சேர்ந்து பெயரும். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். வெட்டிய உடனே அந்த முகத்தில் களைக்கொல்லி தடவி, வேர் செத்தபின் தளர்ந்த செங்கல்லை எடுத்துவிட்டு அடைப்பதே முறை. களைக்கொல்லி வேலையைப் பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரரிடம் விடலாம்.

சிவப்புத் தரைக்கு ஆசிட் போட்டால் மெருகு திரும்பாது. சிமெண்டில் இரும்பு ஆக்சைடு கலந்து தேய்த்த தரை அது. ஆசிட் சிமெண்ட்டை அரித்து வெளிறிய திட்டுகளை விட்டுச்செல்லும். மிதமான சோப்புத் தண்ணீரும், காய்ந்தபின் மெழுகும் போதும். தமிழ்நாட்டு வீடுகளில் தேங்காயெண்ணெய் தேய்ப்பார்கள்.

கொர்கொரியின் பழைய பெயிண்ட்டை உலர்வாக உப்புத்தாளால் தேய்ப்பது அழுக்கு வேலை மட்டுமல்ல, ஆபத்தான வேலையும்கூட. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய அடுக்குகளில் அதைவிட மிக அதிகமாக இருக்கலாம். நனைத்துச் சுரண்டித் துகளைத் துணியில் திரட்டி அகற்ற வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த அறையில் இருக்கக் கூடாது. உளுத்த பலகைக்காக முழு ஜன்னலையும் கழற்றி அலுமினியம் வைக்கத் தேவையில்லை. பழைய தேக்கில் அந்த ஒரு பலகையை மட்டும் செய்து மாட்டலாம்.