சுத்த உணவு என்பது யாது?

பெங்களூரில் வாழும் நம் இளைஞர் சிலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தம்மத்தைத் தழுவிய நாம் மரக்கறி உணவுச்சாலைக்கே செல்லுதல் வேண்டுமோ? மாமிசம் உண்டால் சீலம் கெடுமோ?" என்பதே அது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. ஆயின் அதனால் பயனில்லை. 'சுத்தம்' என்னும் சொல்லுக்கு இந்நகரத்துச் சிற்றுண்டிச்சாலைகள் காலந்தோறும் என்ன பொருள் கொண்டன என்பதை முதலில் பார்ப்போம்.

1924-ஆம் ஆண்டில் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மய்யா சகோதரர்கள் இந்நகரில் ஓர் உணவுச்சாலை தொடங்கினர். 'பிராமின் காபி கிளப்' என்பது அதற்கு அந்நாளில் வழங்கிய பெயர். எம்.டி.ஆர். என்று இன்று பலரும் அறிந்த மாவள்ளி டிபன் ரூம்ஸ் அதுவேயாம். இத்தகைய பெயர்கள் அக்காலத்தில் தென்னாடெங்கும் சாதாரணம். சமைத்தவர் இன்ன குலத்தார் என்பதே உணவின் சுத்தத்திற்குச் சான்றாக நின்றது. நீர் கொதித்ததா, காய் புதியதா என்பவற்றைப் பற்றிப் பலகை ஒன்றும் பேசவில்லை. தென்னாட்டு ரயில் நிலைய உணவறைகளிலும் பிராமணர்க்குத் தனியிடம் இருந்தது. அது 1941-இல் ஒழிந்தது. சென்னையில் 'பிராமணாள்' என்னும் பலகைச் சொல்லை அகற்றக் கோரித் திராவிடர் கழகத்தார் 1957-இல் கிளர்ச்சி செய்தனர்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதியின் பேரால் ஒருவரை உணவுச்சாலையினின்று தடுத்தலாகாது என்கிறது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனையும் வகுத்தது. எந்த உணவுச்சாலைக்குள்ளும் நாம் தலைநிமிர்ந்து நுழைவது இவ்வுரிமையினாலேயாம். எவருடைய தயவினாலும் அன்று. (கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இதற்குப் பின்னும் நெடுங்காலம் இருந்ததை நம் பெரியோர் மறந்திலர்.)

இனி, அதே மய்யா குடும்பத்தின் கதையிலேயே ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். யக்ஞநாராயண மய்யா 1951-இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவுச்சாலைகளின் துப்புரவைக் கண்டு திரும்பினார். பாத்திரங்களை நீராவியிற் காய்ச்சித் தூய்மை செய்யும் முறையை இங்கே புகுத்தினார். உண்ண வருவோர் சமையலறையைத் தம் கண்ணாற் காணவும் இடமளிக்கப்பட்டது. சுத்தம் செய்வது நீராவியே, குலம் அன்று என்றாயிற்று. இம்மாற்றத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

இன்று மூன்றாவது பொருளொன்று வந்துள்ளது. இந்திராநகர், கோரமங்கலா முதலிய பகுதிகளில் பாலும் நெய்யும் தேனும் சேராத உணவை மட்டும் அளிக்கும் சாலைகள் தோன்றியுள்ளன. காப்பியில் சோயா, பாதாம், ஓட்ஸ் ஆகியவற்றின் பாலைக் கலக்கின்றனர். 'வீகன்' என்னும் இப்பெயர் 1944-இல் இங்கிலாந்தில் உண்டாயிற்று. கறவை மாட்டிற்கும் கன்றிற்கும் நேரும் துன்பத்தை எண்ணி இதனைக் கைக்கொள்வோர் உளர். அவ்வெண்ணம் மைத்திரிக்கு அணித்தானது. ஆயின் அங்கே விலைப்பட்டியல் ஒரு புதிய வேலியாகின்றது. ராகியும் சாமையும் தினையும் அழகிய கிண்ணத்தில் அரிய பண்டமாக வருகின்றன. நம் பாட்டிமார் கூலி வேலைக்குப் போகுமுன் குடித்த கூழன்றோ அது! நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துண்டு. தீட்டிய அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இதனை வீட்டிலேயே களியாகக் கிண்டி உண்ணலாம்.

மரக்கறி என்பதனாலேயே ஓர் உணவு நலம் தருவதாகிவிடாது. பலகாலும் காய்ச்சிய எண்ணெயிற் பொரித்த பூரியும் மரக்கறியே. பாலையும் விட்டவர் பி-12 என்னும் வைட்டமினை வேறு வழியிற் பெறுதல் வேண்டும்; தாவர உணவில் அது போதிய அளவு கிடையாது. இதனை மருத்துவரிடம் கேட்டறிக.

இளைஞர் கேள்விக்கு வருவோம். சுத்த நிபாதத்திலுள்ள ஆமகந்த சூத்திரம் இதனையே ஆராய்கிறது. மாமிசத்தின் முடைநாற்றத்தைப் பழிக்கும் பிராமணனுக்கு, கொலையும் களவும் பொய்யும் வஞ்சமுமே நாற்றம், ஊன் உண்டல் நாற்றமன்று என்று விடை அளிக்கப்படுகிறது. ஜீவக சூத்திரமோ, தமக்கெனக் கொன்றதாகக் கண்டதும் கேட்டதும் ஐயுற்றதுமான ஊனைப் பிக்குகள் விலக்க வேண்டும் என்கிறது. பிக்குகள் எவரும் மீனும் ஊனும் உண்ணலாகாது என விதிக்குமாறு தேவதத்தன் வேண்டியபோது, பகவான் அதனைக் கட்டாயமாக்க இசையவில்லை. மறுபுறம், மகாயானத்தாரின் லங்காவதார சூத்திரம் ஊனை முற்றும் விலக்குகிறது. இல்லறத்தாரோ கொல்லாமைச் சீலம் ஏற்றவர்கள். ஊன் வாணிகம் அவர்களுக்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்களுள் ஒன்று.

உயிர்களிடத்து இரக்கத்தால் ஒருவர் மரக்கறியை மேற்கொள்வாராயின் அது நன்று; நாம் அதனையே விரும்புகிறோம். அயலார் நம்மை மேலானவராக மதிக்க வேண்டும் என்பதற்காக மேற்கொள்வாராயின், பழைய பலகையை அவர் தம் வீட்டு வாயிலில் மாட்டுகிறார். அண்டை வீட்டுப் பிள்ளை உண்ணும் முட்டையைக் கண்டு முகஞ்சுளிப்பவர் எச்சீலத்தைக் காக்கிறார் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

வரும் வகுப்பில் ஆமகந்த சூத்திரத்தை முழுவதும் படிப்போம். வருமுன் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள உணவுச்சாலை ஒன்றிற்குச் சென்று, சமையலறையைக் காட்டுவரோ என்று கேட்டு வருக. எச்சில் இலை எடுப்பவர் எவ்விடத்தில் அமர்ந்து உண்கிறார் என்பதையும் பார்த்து வருக.