பேசாத ரேடியோவைப் பேச வைப்போம்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. புறநகரில் பல இடங்களில் மின்சாரம் நின்றது. தொலைபேசிகள் சரிவர இயங்கவில்லை. அத்தகைய வேளையில் கைகொடுப்பது பாட்டரியில் ஓடும் சிறு ரேடியோ. அதுவோ பல வீடுகளில் பேச்சு மூச்சின்றி அலமாரியில் கிடக்கிறது. பழுது பார்க்கும் கடைகளும் குறைந்துவிட்டன. பெரும்பாலான கோளாறுகளை நாமே கண்டுபிடிக்கலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர், திருப்புளி, உப்புத்தாள் போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்திலும் ஓடும் ரேடியோவானால், ஒயரைப் பிடுங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். 230 வோல்ட் விளையாட்டல்ல. எல்லாச் சோதனைகளையும் பாட்டரியிலேயே செய்யுங்கள்.

அடுத்து, ரேடியோ உண்மையிலேயே பழுதா? அண்மை ஆண்டுகளில் ஆகாசவாணியின் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பல மூடப்பட்டுவிட்டன. எனவே எப்.எம். பட்டையிலும் முள்ளை நகர்த்திப் பாருங்கள். அங்கும் சத்தமில்லை என்றால் கீழ்க்கண்ட வரிசையில் செல்லுங்கள்.

1. பாட்டரிக் கட்டை: ரேடியோவை 'ஆன்' செய்து வைத்துக்கொண்டே அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 1.5 வோல்ட் காட்டும் பழைய கட்டை, வேலை கொடுத்தவுடன் 1 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதை மாற்றுங்கள்.

2. ஸ்பிரிங்: கட்டை கசிந்து களிம்பு பிடித்திருக்கும். ஆல்கலைன் கட்டையின் கசிவை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சாலும், சாதாரணக் கட்டையின் கசிவைச் சமையல் சோடா கரைத்த நீராலும் துடையுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேயுங்கள்.

3. சுவிட்ச்: சுவிட்சை 'ஆப்' நிலையில் வைத்து, மீட்டரை மில்லி ஆம்பியர் அளவில் அதன் இரு முனைகளிலும் வையுங்கள். மின்சாரம் மீட்டர் வழியே பாயும். ரேடியோ பாடினால் சுவிட்ச்தான் குற்றவாளி. மீட்டர் பூஜ்யமே காட்டினால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

4. இயர்போன் துளை: இயர்போனைச் செருகினால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ஒரு சிறு தகடு உள்ளே உண்டு. அதில் அழுக்கேறினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். இயர்போனில் மட்டும் பாட்டுக் கேட்டால் கோளாறு இந்தத் தகட்டிலோ ஸ்பீக்கரிலோதான்.

5. ஸ்பீக்கர்: அதன் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, முனைகளில் ஒரு 1.5 வோல்ட் கட்டையைக் கணநேரம் தொடுங்கள். 'டக்' என்று கேட்டால் ஸ்பீக்கர் நலம்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தும் ரேடியோ பேசவில்லையா? ரயில்வேயில் நீண்ட கேபிளில் பழுது தேடும்போது ஒரு முனையிலிருந்து அடி அடியாகப் போகமாட்டோம். நடுவில் சோதித்து, பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்துகொள்வோம். பிறகு அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குவோம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு நடுப்புள்ளி வால்யூம் கண்ட்ரோல். அதைப் பாதிக்கு மேல் திருப்பி வைத்து, அதன் மூன்று முனைகளில் நடு முனையைத் திருப்புளி நுனியால் தொடுங்கள். விரல் திருப்புளியின் இரும்பில் பட்டிருக்கட்டும். ஸ்பீக்கரில் 'கர்' என்றோ 'டொக்' என்றோ ஒலி வந்தால் பின்பாதி உயிரோடிருக்கிறது. நிலையத்தைப் பிடிக்கும் முன்பாதியில்தான் பழுது. ஒலி இல்லையேல் பின்பாதியில் தேடுங்கள்.

முன்பாதியில், கறுப்பு ஃபெரைட் கம்பியில் சுற்றிய தலைமயிர் போன்ற செம்புக்கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது அறுந்தால் மீடியம் வேவ் கேட்காது. கீழே விழுந்த ரேடியோவில் ஈயப்பற்று விட்டிருக்கும். 25 வாட் பற்றுக்கோலால் மறுபடி பற்றவைக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சிறு தகரக் கூடுகளுக்குள் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத்தில் திருகுகள் தெரியும். 'லூசாக இருக்கிறதோ' என்று அவற்றைத் திருகினால் அலைவரிசைப் பொருத்தமே குலைந்துவிடும். கட்டை தீர்ந்ததால் ஊமையான ரேடியோ, அதன் பிறகு நிஜமாகவே கெட்டுப் போகும்.

பொத்தானை அழுத்தி ஒலியைக் கூட்டும் புது ரேடியோக்களில் எல்லாமே ஒரு சில்லுக்குள் அடக்கம். அவற்றுக்கு முதல் ஐந்து சோதனைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரியான பின் கட்டைகளைக் கழற்றித் தனியே வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பள்ளியில் படித்த வோல்ட்டும் ஆம்பியரும் அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபடும்.